அணு இருப்பதை எப்படி அறிந்தோம்? மாணவர்களின் கேள்விகளும் பதில்களும்

பருப்பொருளைப் பற்றியும் அணுவைப் பற்றியும் எட்டாம் வகுப்பு முதல் பதினொன்றாம் வகுப்பு வரை படிக்கும் மாணவர்கள் அனுப்பிய கேள்விகளில் சிலவற்றுக்கு இந்த இதழில் பதில் தருகிறோம். பலர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்த இடங்களில் அவற்றை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். ஓர் அணுவில் புரோட்டான் எத்தனை, எலக்ட்ரான் எத்தனை என்ற கணக்கைப் பாடநூலே தெளிவாகச் சொல்லிவிடுகிறது. அந்தக் கணக்கு எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களுக்கு இங்கே முதலிடம் கொடுத்திருக்கிறோம்.

கேள்வி: அணுவைக் கண்ணால் பார்க்க முடியாது என்று பாடத்தில் இருக்கிறது. பார்க்க முடியாத ஒன்று இருக்கிறது என்று எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்? (ஒன்பதாம் வகுப்பு மாணவி, விருத்தாசலம்)

பதில்: 1900ஆம் ஆண்டு வாக்கில் இதே கேள்வியை ஐரோப்பாவின் மிகப் பெரிய அறிவியலாளர்கள் சிலரும் கேட்டுக்கொண்டிருந்தார்கள். ஜெர்மனியின் வேதியியலாளர் வில்ஹெல்ம் ஆஸ்ட்வால்டும் ஆஸ்திரியாவின் இயற்பியலாளர் எர்ன்ஸ்ட் மாக்கும் அணு என்பது கணக்குப் போட உதவும் ஒரு கற்பனை மட்டுமே என்று கருதினார்கள். ஆகவே உங்கள் ஐயம் நியாயமானது. அதற்குரிய விடையும் ஒரே நாளில் கிடைத்ததல்ல.

முதல் சான்று தராசிலிருந்து வந்தது. தண்ணீரை எந்த ஆற்றிலிருந்து எடுத்துத் தூய்மைப்படுத்தினாலும், அதைப் பிரித்தால் கிடைக்கும் ஹைட்ரஜனின் நிறை 1 பங்கு என்றால் ஆக்சிஜனின் நிறை 8 பங்காகவே இருக்கும். ஒரு சேர்மத்தில் தனிமங்கள் எப்போதும் ஒரே நிறை விகிதத்தில்தான் சேர்கின்றன என்பதை 1790களில் பிரான்ஸ் நாட்டு வேதியியலாளர் ஜோசப் புரூஸ்ட் காட்டினார். அதைவிடக் கூர்மையான சான்று, ஒரே இரண்டு தனிமங்கள் ஒன்றுக்கு மேற்பட்ட சேர்மங்களைத் தரும்போது கிடைக்கிறது. 12 கிராம் கார்பன் 16 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் மோனாக்சைடு. அதே 12 கிராம் கார்பன் 32 கிராம் ஆக்சிஜனுடன் சேர்ந்தால் கார்பன் டை ஆக்சைடு. இடைப்பட்ட 20 கிராமிலோ 27 கிராமிலோ ஒரு சேர்மம் உண்டாவதில்லை. 16இலிருந்து சரியாக இருமடங்கான 32க்குத் தாவுகிறது. பருப்பொருள் எவ்வளவு நுணுக்கமாகவும் பகுக்கத்தக்க ஒரு தொடர்ச்சியாக இருந்தால் இந்தத் தாவலுக்குக் காரணமே இல்லை. எண்ணத்தக்க தனித்தனித் துகள்களாக இருந்தால் காரணம் உடனே விளங்கும்: முன்னதில் ஒரு கார்பன் அணுவுக்கு ஓர் ஆக்சிஜன் அணு, பின்னதில் இரண்டு. இங்கிலாந்தின் ஜான் டால்டன் 1808இல் வெளியிட்ட அணுக்கொள்கையின் உயிர்நாடி இதுதான். தண்ணீரின் மூலக்கூறில் ஒரு ஹைட்ரஜன் அணுவும் ஓர் ஆக்சிஜன் அணுவும் மட்டுமே இருப்பதாக டால்டன் எண்ணியது தவறு. அதைத் திருத்துவதற்கான வழியை 1811இல் இத்தாலியின் அவகாட்ரோ காட்டியும் வேதியியலாளர்கள் அதைப் பரவலாக ஏற்க 1860 வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

இரண்டாவது சான்று நுண்ணோக்கியிலிருந்து வந்தது. 1827இல் ராபர்ட் பிரௌன் என்ற தாவரவியலாளர், மகரந்தத் தூளுக்குள்ளிருந்து வெளிவந்த மிக நுண்ணிய துணுக்குகள் தண்ணீரில் ஓயாமல் அங்குமிங்கும் நடுங்கி நகர்வதைக் கண்டார். மகரந்தத் தூளே துள்ளியதாகப் பல நூல்களில் எழுதியிருப்பது சரியல்ல. தூளுக்குள் இருந்த துணுக்குகளே நகர்ந்தன. உயிருள்ள பொருள் என்பதால் நகர்கிறதோ என்று ஐயுற்ற பிரௌன், கண்ணாடித் தூள், பாறைத் தூள், எகிப்தின் ஸ்பிங்ஸ் சிலையிலிருந்து கிடைத்த ஒரு துண்டின் தூள் என உயிரற்ற பொருள்களையும் எடுத்துப் பார்த்தார். எல்லாமே நகர்ந்தன. ஐயத்தை இப்படி ஒவ்வொன்றாகச் சோதித்து நீக்கிய அவருடைய பொறுமையை மாணவர்கள் கவனிக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

அந்த நகர்வுக்குக் காரணம், கண்ணுக்குத் தெரியாத நீர் மூலக்கூறுகள் எல்லாப் பக்கங்களிலிருந்தும் சமமின்றி வந்து மோதுவதே என்று கொண்டால், துணுக்கு ஒரு நிமிடத்தில் சராசரியாக எவ்வளவு தூரம் விலகும் என்பதைக் கணிக்க முடியும். அந்தக் கணக்கை 1905இல் ஐன்ஸ்டைன் செய்தார். பாரிஸில் ஜான் பெரான் 1908 முதல் ஒரு வகை மரப்பிசினின் மிகச் சிறு உருண்டைகளைக் கொண்டு அதை அளந்து பார்த்தபோது கணிப்பும் அளவும் பொருந்தின. அதோடு, ஒரு கிராம் ஹைட்ரஜனில் எத்தனை அணுக்கள் உள்ளன என்பதையும் அவரால் மதிப்பிட முடிந்தது. வெவ்வேறு வழிகளில் கணக்கிட்டபோதும் கிடைத்த எண்கள் ஒன்றையொன்று நெருங்கியிருந்தன. கற்பனைப் பொருளுக்குப் பல வழிகளில் எண்ணி ஒரே விடை கிடைக்காது. ஆஸ்ட்வால்டு 1909இல் தம் கருத்தை வெளிப்படையாக மாற்றிக்கொண்டார். பெரானுக்கு 1926இல் நோபல் பரிசு கிடைத்தது.

இனி, பார்ப்பதைப் பற்றி. நாம் காணும் ஒளியின் அலைநீளம் 400 முதல் 700 நானோமீட்டர் வரை. அணுவின் குறுக்களவோ ஒரு நானோமீட்டரில் பத்தில் ஒன்று முதல் சில பங்குதான். ஆகவே எவ்வளவு நல்ல கண்ணாடி வில்லை செய்தாலும் ஒளி நுண்ணோக்கியில் திண்மத்தின் அணுக்களைத் தனித்தனியே பிரித்துப் பார்க்க முடியாது. ஆனால் ஒளியை நம்பாத கருவிகள் உண்டு. 1955இல் அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தில் எர்வின் முல்லரும், இந்தியாவிலிருந்து சென்று அவரிடம் ஆய்வு மாணவராக இருந்த கன்வர் பகதூரும், மிகக் கூரிய டங்ஸ்டன் ஊசிமுனையில் இருந்த அணுக்களைத் தனித்தனிப் புள்ளிகளாகத் திரையில் கண்டார்கள். 1981இல் சூரிச் நகரில் பின்னிக், ரோரர் ஆகியோர் உருவாக்கிய வருடு ஊடுருவல் நுண்ணோக்கி, ஓர் உலோகப் பரப்பை அணு அணுவாகத் தடவிப் படமாக்கியது. 1989இல் அதே வகைக் கருவியைக் கொண்டு 35 செனான் அணுக்களை ஒவ்வொன்றாக நகர்த்தி மூன்று எழுத்துகளை எழுதினார்கள். எனவே, அணுவை யாரும் பார்த்ததில்லை என்ற கூற்று இன்று வெறுங்கண்ணுக்கும் ஒளி நுண்ணோக்கிக்கும் மட்டுமே பொருந்தும்.

கேள்வி: அணுவை முதலில் சொன்னவர் கிரேக்கரா, இந்தியரா? (பத்தாம் வகுப்பு மாணவர், திருநெல்வேலி)

பதில்: கிரேக்கத்தில் கி.மு. ஐந்தாம் நூற்றாண்டில் லூசிப்பஸும் டெமாக்ரிடஸும், இந்தியாவில் வைசேடிகம் என்ற தத்துவ மரபின் கணாதரும் பகுக்க இயலாத நுண்துகள்களைப் பற்றிச் சிந்தித்தார்கள். இரண்டும் மதிப்புக்குரிய சிந்தனைகள். ஆனால் அந்தத் துகளின் நிறை என்ன, ஒன்றோடொன்று எந்த எண்ணிக்கையில் சேரும் என்று அளந்து சரிபார்க்கும் வழி அவர்களிடம் இல்லை. அது 18ஆம் நூற்றாண்டின் இறுதியில்தான் வந்தது. முந்தியவர் யார் என்ற போட்டியைவிட, எப்படி அளந்தார்கள் என்பதைப் படிப்பது உங்களுக்குக் கூடுதல் பயன் தரும்.

கேள்வி: ஒளி, வெப்பம், ஒலி, நெருப்பு ஆகியவை பருப்பொருளா? (எட்டாம் வகுப்பு மாணவி, கரூர்)

பதில்: நிறை உடையதும் இடத்தை அடைத்துக்கொள்வதும் பருப்பொருள். காற்று இந்த வரையறைக்குள் வருகிறது: ஒரு கன மீட்டர் காற்றின் நிறை சுமார் 1.2 கிலோகிராம் என்பதால், ஆறு மீட்டர் நீளமும் ஆறு மீட்டர் அகலமும் மூன்று மீட்டர் உயரமும் கொண்ட வகுப்பறையில் ஏறத்தாழ 130 கிலோகிராம் காற்று நிறைந்திருக்கிறது. ஒளியும் வெப்பமும் ஆற்றலின் வடிவங்கள். ஒலி என்பது பருப்பொருளில் பரவும் அதிர்வு. அதனால்தான் வெற்றிடத்தில் அது பரவுவதில்லை.

நெருப்பு சற்று நுட்பமானது. தீச்சுடர் என்பது ஒரு வேதிவினை நடந்துகொண்டிருக்கும் இடம். அங்கே இருக்கும் சூடான வாயுக்களும் நுண்ணிய கரித்துகள்களும் பருப்பொருள், அவற்றிலிருந்து வரும் ஒளியும் வெப்பமும் பருப்பொருள் அல்ல. மெழுகுவத்திச் சுடரின் மஞ்சள் நிறம் அந்தக் கரித்துகள்கள் சூட்டில் ஒளிர்வதால் வருகிறது. நெருப்பு முழுவதையும் பிளாஸ்மா என்று சொல்வது பொருந்தாது. எலக்ட்ரான்கள் அணுக்களைவிட்டுப் பெருமளவில் பிரிந்து திரியும் பிளாஸ்மா நிலையை மின்னலிலும் சூரியனிலும் காணலாம்.

கேள்வி: தண்ணீர் கொதிக்கும்போது மேலே வரும் குமிழிகளில் இருப்பது ஹைட்ரஜனும் ஆக்சிஜனும்தானே? (ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் இருவர், நாகப்பட்டினம்)

பதில்: இல்லை, அதில் இருப்பது நீராவி, அதாவது முழு நீர் மூலக்கூறுகள். அடுப்பில் வைத்த சிறிது நேரத்தில் பாத்திரத்தின் ஓரங்களில் தோன்றும் சிறு குமிழிகள், தண்ணீரில் கரைந்திருந்த காற்று வெளியேறுவதால் வருபவை. பின்னர் அடியிலிருந்து பொங்கி எழும் பெரிய குமிழிகளில் நீராவி இருக்கிறது. கொதித்தலில் மூலக்கூறுகள் ஒன்றைவிட்டு ஒன்று விலகுகின்றனவே தவிர, எந்த மூலக்கூறும் உடைவதில்லை.

இந்த இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டை ஆற்றலின் அளவு காட்டிவிடும். ஒரு கிராம் தண்ணீரை 0 டிகிரியிலிருந்து 100 டிகிரி செல்சியஸ் வரை சூடாக்க சுமார் 420 ஜூல் போதும். 100 டிகிரியில் இருக்கும் அதே ஒரு கிராமை நீராவியாக்க, வெப்பநிலை சிறிதும் உயராமலே, இன்னும் சுமார் 2,260 ஜூல் வேண்டும். மூலக்கூறுகளுக்கு இடையிலுள்ள ஈர்ப்பை விடுவிக்க அது செலவாகிறது. ஆனால் ஒரு கிராம் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிக்க ஏறத்தாழ 15,900 ஜூல் தேவைப்படுகிறது. மூலக்கூறுக்கு உள்ளே இருக்கும் பிணைப்பு, மூலக்கூறுகளுக்கு இடையே இருக்கும் ஈர்ப்பைவிட எவ்வளவு வலியது என்பதை இந்த எண்களே சொல்கின்றன. குமிழியில் ஹைட்ரஜனும் ஆக்சிஜனும் இருந்திருந்தால், எரியும் அடுப்புக்கு மேலே கொதிநீர்ப் பாத்திரம் வைப்பது மிகவும் ஆபத்தான காரியமாகியிருக்கும்.

கேள்வி: மெழுகுவத்தி எரிந்து தீர்ந்த பிறகு ஒன்றுமே மிஞ்சுவதில்லை. பருப்பொருள் அழியாது என்றால் மெழுகு எங்கே போயிற்று? (எட்டாம் வகுப்பு மாணவி, ஓசூர்)

பதில்: மெழுகு கார்பனும் ஹைட்ரஜனும் சேர்ந்த பொருள். எரியும்போது அது காற்றிலுள்ள ஆக்சிஜனுடன் சேர்ந்து கார்பன் டை ஆக்சைடாகவும் நீராவியாகவும் மாறி அறைக்குள் கலந்துவிடுகிறது. 14 கிராம் மெழுகு முழுமையாக எரிய ஏறத்தாழ 48 கிராம் ஆக்சிஜன் வேண்டும். 44 கிராம் கார்பன் டை ஆக்சைடும் 18 கிராம் நீராவியும் கிடைக்கும். கூட்டிப் பாருங்கள்: எரியும் முன் 62, எரிந்த பின் 62. எரிந்து மறைந்ததாகத் தோன்றும் மெழுகு, உண்மையில் தன்னைவிட நான்கு மடங்குக்கும் மேல் நிறையுள்ள பொருள்களாக மாறியிருக்கிறது. எரியும் சுடருக்கு மேலே சற்று உயரத்தில் குளிர்ந்த கண்ணாடித் தட்டு ஒன்றைப் பெரியவர் ஒருவரின் உதவியோடு சில நொடிகள் பிடித்தால், அதில் படியும் மெல்லிய நீர்ப்பூச்சை நீங்களே காணலாம்.

வாயுக்களையும் விட்டுவிடாமல் எடைபோட வேண்டும் என்று உணர்ந்ததுதான் பிரான்ஸின் லவாய்சியேவின் பெருமை. 1774இல் அவர் வெள்ளீயத்தை ஒரு கண்ணாடிக் குடுவைக்குள் வைத்து, வாயை மூடி முத்திரையிட்டுச் சூடாக்கினார். உலோகம் மாறியது, ஆனால் குடுவையின் மொத்த எடை மாறவில்லை. முத்திரையை உடைத்தபோது வெளிக்காற்று உள்ளே புகுந்தது, எடையும் கூடியது. உள்ளே இருந்த காற்றின் ஒரு பகுதி உலோகத்துடன் சேர்ந்துவிட்டதை இது காட்டியது. வேதியியலின் வரலாற்றில் இதைவிடத் தெளிவான சோதனை மிகச் சிலவே என்பது என் கருத்து.

மேல் வகுப்பு மாணவர்களுக்காக ஒன்றைச் சேர்க்கிறேன். ஐன்ஸ்டைனின் சமன்பாட்டின்படி வெளியேறும் வெப்பத்துக்கும் ஒளிக்கும் ஈடாகச் சிறிது நிறை குறையத்தான் செய்கிறது. மேலே சொன்ன 14 கிராம் மெழுகுக்கு அது ஒரு கிராமின் நூறு கோடியில் சுமார் ஏழு பங்கு. பள்ளி ஆய்வகத் தராசில் அது ஒருபோதும் தெரியாது என்பதால், வேதிவினைகளுக்கு நிறை மாறா விதியை அப்படியே பயன்படுத்தலாம்.

கேள்வி: அணுவின் பெரும்பகுதி வெற்றிடம் என்கிறார்கள். அப்படியானால் என் கை ஏன் மேசைக்குள் புகுந்து போவதில்லை? (பதினொன்றாம் வகுப்பு மாணவர், சேலம்)

பதில்: வந்த கேள்விகளில் என்னை மிகவும் மகிழ்வித்தது இதுதான். வெற்றிடம் என்ற எண்ணம் எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம். 1909இல் மான்செஸ்டரில் ரூதர்ஃபோர்டின் ஆய்வகத்தில் கைகரும் மார்ஸ்டனும் நேர்மின்னூட்டம் கொண்ட ஆல்ஃபா துகள்களை மெல்லிய உலோகத் தகடுகளின் மீது, குறிப்பாகத் தங்கத் தகட்டின் மீது, செலுத்தினார்கள். பெரும்பாலானவை ஏறத்தாழ நேராகவே ஊடுருவிச் சென்றன. ஆனால் பல ஆயிரத்தில் ஒன்று என்ற அளவில் சில துகள்கள் திரும்பி வந்தன. அணுவின் நேர்மின்னூட்டம் அணு முழுவதும் பரவியிருந்தால் அவ்வளவு வேகமான துகளைத் திருப்பி அனுப்பும் வலிமை அதற்கு இருக்காது. ஆகவே அந்த மின்னூட்டமும் நிறையின் பெரும்பகுதியும் மிகச் சிறிய ஒரு கருவில் குவிந்திருக்க வேண்டும் என்று 1911இல் ரூதர்ஃபோர்டு முடிவுசெய்தார். ஒரு தங்க அணுவை 200 மீட்டர் அகலத்துக்குப் பெரிதாக்க முடிந்தால், அதன் கரு ஒரு கொண்டைக்கடலை அளவே இருக்கும், நிறையில் 99.9 சதவீதத்துக்கும் மேல் அதற்குள் அடங்கியிருக்கும்.

ஆனால் மீதமுள்ள இடத்தில் ஒன்றுமே இல்லை என்று எண்ணிவிடக் கூடாது. பாடநூல்களில் எலக்ட்ரான்கள் கருவைச் சுற்றிவரும் சிறு உருண்டைகளாக வரையப்படுகின்றன. அது உண்மையாக இருந்தால், சுற்றும் மின்னூட்டம் ஆற்றலை இழந்துகொண்டே வந்து, ஒரு வினாடியின் நூறு கோடியில் ஒரு பங்குக்கும் குறைவான நேரத்தில் கருவுக்குள் விழுந்துவிடும். 1913இல் நீல்ஸ் போர் முன்வைத்த மாதிரி இந்தச் சிக்கலைத் தற்காலிகமாகக் கடந்தது. 1926க்குப் பிறகு வந்த குவாண்டம் கொள்கை, எலக்ட்ரானை ஒரு பாதையில் ஓடும் உருண்டையாகக் கருதாமல், கருவைச் சுற்றியுள்ள இடம் முழுவதும் எந்த இடத்தில் எந்த அளவு நிகழ்தகவுடன் காணப்படும் என்று சொல்கிறது. வட்டப்பாதைப் படத்தைக் கணக்குக்கான ஒரு குறியீடாகக் கற்பித்து, அது அணுவின் உருவப்படம் அல்ல என்பதையும் அதே பக்கத்தில் சொல்லிவிட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். பிற்காலத்தில் மாணவர்களுக்கு வரும் பல குழப்பங்கள் அந்தப் படத்திலிருந்துதான் தொடங்குகின்றன.

இப்போது உங்கள் கைக்கு வருவோம். கையின் அணுக்கள் மேசையின் அணுக்களை நெருங்கும்போது இரு பக்கத்து எலக்ட்ரான்களும் ஒன்றையொன்று மின்விசையால் விலக்குகின்றன. அதோடு, இரண்டு எலக்ட்ரான்கள் ஒரே குவாண்டம் நிலையில் இருக்க முடியாது என்று 1925இல் வுல்ஃப்காங் பௌலி கண்ட தவிர்ப்பு விதியும் சேர்ந்து, எலக்ட்ரான் முகில்கள் ஒன்றன்மேல் ஒன்று படிவதைத் தடுக்கிறது. மின்விசை மட்டும் இருந்து இந்த விதி இல்லாமல் போனால் பருப்பொருள் தன் பருமனைக் காத்துக்கொள்ள முடியாது என்பதை 1967இல் டைசனும் லெனார்டும் கணித வழியில் நிறுவினார்கள். மேசை திண்மையாக இருப்பதற்கான காரணம் துகள்கள் இடைவெளியின்றி அடைந்திருப்பது அல்ல; விசையும் இந்த விதியும்தான்.

இதற்கு எதிர்ப்பக்கமாக நியூட்ரினோவைப் பாருங்கள். மின்னூட்டமற்ற இந்தத் துகளுக்கு எலக்ட்ரான்களின் விலக்கு விசை ஒரு பொருட்டே அல்ல. சூரியனிலிருந்து ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் ஒரு வினாடிக்குச் சுமார் 6,500 கோடி நியூட்ரினோக்கள் பூமியை அடைகின்றன. அவற்றில் மிகப் பெரும்பாலானவை உங்கள் கை, மேசை, பூமி அனைத்தையும் கடந்து மறுபுறம் வெளியேறிவிடுகின்றன. ஓர் அணு வெற்றிடமா, சுவரா என்பதற்கான விடை, அதன் வழியே செல்ல வரும் துகள் எந்த விசையை உணர்கிறது என்பதைப் பொறுத்தது.

கேள்வி: சமையல் உப்பின் ஒரு மூலக்கூறில் ஒரு சோடியமும் ஒரு குளோரினும் இருக்கின்றன என்று எழுதினேன், தவறு என்று சொல்லிவிட்டார்கள். ஏன்? (பத்தாம் வகுப்பு மாணவி, தூத்துக்குடி)

பதில்: உப்புப் படிகத்தில் தனி மூலக்கூறு என்று ஒன்றைப் பிரித்துக் காட்ட முடியாது. அதில் ஒவ்வொரு சோடியம் அயனியும் ஆறு குளோரைடு அயனிகளாலும், ஒவ்வொரு குளோரைடு அயனியும் ஆறு சோடியம் அயனிகளாலும் சூழப்பட்டு, அந்த ஒழுங்கு படிகம் முழுவதும் தொடர்கிறது. எந்த சோடியத்துக்கு எந்தக் குளோரின் சொந்தம் என்று சொல்ல வழியில்லை. ஒன்றுக்கு ஒன்று என்ற விகிதத்தை மட்டுமே வாய்பாடு சொல்கிறது. விகிதத்தைச் சரியாக எழுதியிருக்கிறீர்கள். மூலக்கூறு என்ற இடத்தில் மட்டும் திருத்திக்கொள்ளுங்கள். உங்கள் ஊர் உப்பளங்களில் விளையும் கல் உப்பின் கனசதுர வடிவம் இந்த அடுக்கின் வெளித்தோற்றமே.

கேள்வி: குளோரினின் அணு நிறை 35.5 என்று அட்டவணையில் இருக்கிறது. அரை நியூட்ரான் என்று ஒன்று உண்டா? (ஒன்பதாம் வகுப்பு மாணவர், காரைக்குடி)

பதில்: அரை நியூட்ரான் கிடையாது. இயற்கையில் கிடைக்கும் குளோரினில் இரு வகை அணுக்கள் கலந்திருக்கின்றன. இரண்டிலும் புரோட்டான்கள் 17. நியூட்ரான்கள் ஒன்றில் 18, மற்றொன்றில் 20. ஆகவே நிறை எண்கள் 35, 37. ஏறத்தாழ நான்கு அணுக்களுக்கு மூன்று 35ஆகவும் ஒன்று 37ஆகவும் இருப்பதால், 35ஐ மூன்று முறையும் 37ஐ ஒரு முறையும் கூட்டினால் 142. நான்கால் வகுத்தால் 35.5. இன்னும் துல்லியமாக அளந்தால் 35.45. எந்தத் தனிக் குளோரின் அணுவும் அந்தச் சராசரி நிறையில் இருப்பதில்லை.

இதை 1919க்குப் பிறகு கேம்பிரிட்ஜில் ஃபிரான்சிஸ் ஆஸ்டன், அணுக்களை நிறைவாரியாகப் பிரித்துக் காட்டும் தம் நிறைமாலை வரைவி கொண்டு காட்டினார். 1922இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நியூட்ரானை ஜேம்ஸ் சாட்விக் கண்டறிந்தது 1932இல்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், இப்படி நியூட்ரான் எண்ணிக்கையில் மட்டும் வேறுபடும் ஒரே தனிமத்தின் அணு வகைகளான ஐசோடோப்புகள் இருப்பது அவற்றுக்கான காரணம் தெரிவதற்கு முன்பே உறுதியாகிவிட்டது என்பது விளங்கும்.

ஒரு தனிமத்தின் ஐசோடோப்புகளில் எலக்ட்ரான் எண்ணிக்கை ஒன்றே என்பதால் வேதிப் பண்புகள் ஏறத்தாழ ஒன்றாகவே இருக்கும். ஹைட்ரஜனில் மட்டும் வேறுபாடு பளிச்சென்று தெரியும், ஏனென்றால் ஒரு நியூட்ரான் சேர்ந்தவுடன் அணுவின் நிறை இரு மடங்காகிவிடுகிறது. 1931இல் ஹெரால்டு யூரே கண்டறிந்த, டியூட்டீரியம் எனப்படும் இந்த ஹைட்ரஜன் வகையால் ஆன தண்ணீருக்குக் கனநீர் என்று பெயர். கல்பாக்கத்திலுள்ள சென்னை அணுமின் நிலையத்தின் உலைகளில் நியூட்ரான்களின் வேகத்தைத் தணிக்க அதைத்தான் பயன்படுத்துகிறார்கள். கனநீர் சாதாரணத் தண்ணீரைவிடச் சுமார் 11 சதவீதம் அடர்த்தி மிகுந்தது. உறைவதும் 0 டிகிரியில் அல்ல, 3.8 டிகிரி செல்சியஸில். சாதாரணப் பனிக்கட்டி தண்ணீரில் மிதக்கும். கனநீரை உறையவைத்த பனிக்கட்டி சாதாரணத் தண்ணீரில் மூழ்கிவிடும்.